ஸ்டட்டின் அடியில் நீர் கசிந்தால்

சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தேயிலையும் றப்பரும் மேடுபள்ளமான நிலங்களிலேயே பெரும்பாலும் பயிராகின்றன. பறித்த கொழுந்து அன்றைக்கன்றே தொழிற்சாலையைச் சேர்தல் வேண்டும். சாக்கில் அடைபட்டு நெடுநேரம் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அதிலிருந்து நல்ல தேயிலை கிடையாது. ஆதலால், கொழுந்தேற்றும் உழவு இயந்திரம் வழியில் நின்றுவிட்டால், அன்றைய உழைப்பு முழுவதும் வீணாதல் கூடும்.

1959ஆம் ஆண்டின் இறுதியில் மசி பெர்குசன் 35 வகையில் பொருத்தப்படத் தொடங்கிய பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னர் 135, 240 ஆகிய வகைகளிலும் இடம்பெற்றது. இத்தகைய எஞ்சின்கள் தேய்ந்தபின் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பாவிக்கத்தக்கவை. ஆயினும், புதிதாகப் பூட்டிய எஞ்சின் சூடேறியதும், சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டின் நட்டைச் சுற்றி நீர் முத்துமுத்தாய் அரும்புவதுண்டு. இதனைக் கண்டவுடன் சாரதி ஸ்பனரை எடுத்து நட்டை மேலும் இறுக்குவது வழக்கம். அது தவறாகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஸ்டட் நீளும்; மரை அறும்; ஹெட்டும் கோணலாகும். கசிவோ நில்லாது.

கசிவின் காரணம்

ஸ்டட்டின் கீழ்முனை பிளொக்கில் உள்ள துளையில் திருகப்பட்டிருக்கும். சில எஞ்சின்களில் இத்துளைகளுட் சில, சிலிண்டரைச் சூழ்ந்த தண்ணீர் அறை வரை ஊடுருவிச் செல்லும். அவ்விடத்தில் மரை வழியே நீர் மேலேறி, ஹெட்டின் துளையைக் கடந்து, நட்டின் அடியில் வெளிப்படும். நட்டை எவ்வளவு இறுக்கினும் கீழுள்ள மரையின் இடைவெளி அடைபடாது. துருவை அகற்றாமலும், பசை பூசாமலும் ஸ்டட்டைப் பூட்டியதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

சில எஞ்சின்களில் ஒருசில ஸ்டட்டுகளின் நட்டுகள் வால்வு மூடியின் உள்ளே இருக்கும். அங்கே கசியும் நீர் கண்ணுக்குத் தெரியாது. நேரே எண்ணெயுடன் கலந்து பேரிங்குகளைக் கெடுக்கும். ஆகவே, வெளியே கசிவு தெரியாதபோதும் றேடியேற்றரில் நீர் குறைந்துவந்தால், எண்ணெய்க் கோலைப் பார்த்தல் அவசியம். எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் எஞ்சினை ஓட்டலாகாது.

குற்றத்தைப் பிரித்தறிதல்

எஞ்சின் ஆறியபின் நட்டுகளைச் சுற்றித் துடைத்து உலர்த்துக. றேடியேற்றர் மூடிக்குக் குறிக்கப்பட்ட அழுத்தத்தைக் கைப்பம்பு கொண்டு ஏற்றிச் சிறிது நேரம் காத்திருக்க. நட்டின் அடியில் மட்டும் ஈரம் தோன்றினால் குற்றம் ஸ்டட்டின் மரையில் இருத்தல் கூடும். ஹெட்டும் பிளொக்கும் சேரும் கோட்டில் ஈரம் தோன்றினால் காஸ்கெட்டைச் சந்தேகித்தல் வேண்டும். பின்னர், ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்து அதனை இயக்குக. நீரில் ஓயாது குமிழிகள் எழுமாயின், சிலிண்டரின் வாயு நீருக்குள் புகுகின்றது; காஸ்கெட் எரிந்திருக்கலாம், அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். அந்நிலையில் ஹெட்டைக் கழற்றுதலே வழி.

எஞ்சின் சூடாயிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆபத்தானது. 7 இறாத்தல் மூடியுள்ள எஞ்சினில் நீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி, நீர் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும்.

திருத்தும் முறை

1. எஞ்சின் முற்றாக ஆறியபின் றேடியேற்றரிலும் பிளொக்கிலும் உள்ள நீரை வடித்துவிடுக.

2. கசியும் ஸ்டட் ஒன்றாயின், அதன் நட்டை மட்டும் கழற்றுக. ஸ்டட்டின் மேல்மரையில் இரு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ்நட்டைத் திருப்பினால் ஸ்டட் வெளிவரும். பல ஸ்டட்டுகள் கசியுமாயின் ஹெட்டைக் கழற்றிப் புதிய காஸ்கெட் இடுதலே நன்று.

3. ஸ்டட் அரிக்கப்பட்டோ நீண்டோ இருந்தால் புதியது இடுக. துளையின் மரையைத் துப்புரவாக்கி, எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவி, நன்றாக உலர்த்துக. காற்றடிக்கும்போது கண்ணாடி அணிதல் வேண்டும்.

4. மெல்லிய கம்பியைத் துளையினுள் விட்டு ஆழம் பார்க்க. அடி மூடிய துளையில் நீரோ எண்ணெயோ தங்கியிருக்க ஸ்டட்டைத் திருகினால் பிளொக்கே வெடித்தல் கூடும்.

5. தண்ணீர் அறை வரை செல்லும் துளையாயின், கூலண்டையும் சூட்டையும் தாங்கும் மரைப்பசையைக் கீழ்மரை முழுவதும் பூசுக. முற்காலத்தில் பாவித்த ஈயப் பசை நஞ்சுடையது, அதனைத் தவிர்க்குக. ஸ்டட்டைக் கையால் இருக்கையில் அமரும்வரை திருகினாற் போதும்.

6. டின்னில் குறித்த நேரம் பசை காய்ந்தபின், கைநூலில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பனரால் நட்டை இறுக்குக. ஹெட் முழுவதையும் கழற்றியிருந்தால், நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக இறுக்குக. பின்னர் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க.

நீர் நிரப்பி, மீண்டும் அழுத்தம் ஏற்றிப் பார்த்த பின்னரே பாரமேற்றுக.

மீண்டும் வராமற் காத்தல்

ஓடை நீரை அப்படியே ஊற்றி ஓட்டும் எஞ்சினில் துரு ஏறி ஸ்டட்டை அரிக்கும். சுத்தமான நீருடன் துருத்தடுப்புக் கூலண்டைக் குறித்த அளவிற் கலந்து ஊற்றுக. கசிவை அடைக்கும் தூள்களை நம்பலாகாது. அவை றேடியேற்றரின் குழாய்களையும் அடைத்துவிடும். வடித்த கூலண்டை நிலத்தில் ஊற்றவும் ஆகாது. எதிலீன் கிளைக்கோல் கலந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடையது. மாடும் நாயும் அதனைக் குடித்தால் இறந்துபோகும்.

எஞ்சினைப் பிரித்திருக்கும் நாளிலேயே ஒவ்வொரு துளையையும் சோதித்து, வேண்டிய இடத்திற் பசை பூசுதல் சில நிமிட வேலையாகும். அதனைச் செய்யாது விட்டால், கொழுந்து நிறைந்த பெட்டியுடன் மலைப்பாதையில் நிற்க நேரிடும். எஞ்சின் பூட்டும்போது மெக்கானிக்குடன் உடனிருந்து இதனைக் கேட்டறிதல் உரிமையாளரின் கடமையாகும்.