சன்னல் வெளிச்சத்தில் நம் படம்



"நமக்கெல்லாம் படம் எடுபடாதுங்க, முகம் கறுப்பாத்தான் விழும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்கிறார்கள். ஆனால் குறை முகத்தில் இல்லை. வெளிச்சம் விழும் பக்கத்திலும், படக்கருவி போடும் கணக்கிலுமே இருக்கிறது.

படச்சுருள் காலத்தில், படம் கழுவும் கூடங்களில் வண்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர் மேனி நிறம் சரியாக வந்தால் போதும் என்று அளவு வைத்தார்கள். நம்முடைய நிறம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இன்றைய கைப்பேசி வேறு விதத்தில் ஏமாறும். காட்சி முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைப் பார்த்து அது அளவு வைக்கிறது. திறந்த வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால், வெளியே இருக்கும் பளிச்சென்ற வெயிலைக் கண்டு படம் முழுவதையும் மங்க வைத்துவிடும். வாசல் தெளிவாகத் தெரியும், முகம் கரிக்கட்டையாகும். ஆதலால் வெளிச்சத்தைப் பார்த்து நாம் உட்கார வேண்டும்.

லயத்து வீட்டில் ஒரு சன்னல் இருந்தாலே போதும். நேர் வெயில் உள்ளே விழாத நேரமாக இருக்கட்டும். தீபகற்பத்தில் 1982 சனவரி 1ஆம் நாள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் கோலாலம்பூர் வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15க்குத்தான். அந்த வேளையில் வெளிச்சம் கூரைமேல் விழுமே தவிர, சன்னல் வழியாக அதிகம் வராது. காலை 9 முதல் 11 வரை, மாலை 4 முதல் 5.30 வரை நல்லது.

சன்னலுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, ஒரு கன்னம் சன்னல் பக்கம் இருக்கும்படி சற்றுச் சாய்ந்து அமர்வோம். மறு கன்னம் இருண்டால் அந்தப் பக்கம் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டால் போதும்; வெளிச்சம் திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். வீட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் நிறம் கெடும். சன்னலை ஒட்டிச் செம்பனை அடர்ந்திருந்தால் முகத்தில் பச்சை படியும், அப்போது வேறு சன்னல் பார்க்கலாம்.

பௌடர் வேண்டாம். கறுத்த முகத்துக்கு அது சாம்பல் பூசியது போலாகும். நெற்றியிலும் மூக்கிலும் மின்னும் சிறு பளபளப்புத்தான் முகத்துக்கு உருவம் கொடுக்கிறது.

கைப்பேசியைக் கண் உயரத்தில் வைத்து, ஒரு மைலோ டின்னில் சாய்த்து, 10 விநாடி தாமதம் வைப்போம். திரையில் நம் முகத்தின்மேல் விரலால் தொட்டால், கருவி முகத்தையே பார்த்து அளவு வைக்கும். பின்பு பார்வை திரையில் தெரியும் நம் உருவத்தின்மேல் போகாமல், மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தில் இருக்கட்டும்.