எழுத்து விழுந்த இடத்தில் ஒரு கோடு

"காசு இல்லை" என்பதைச் சேர்த்து எழுதினால் "காசில்லை" ஆகிறது. உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். கெட்ட இடத்தில் நாம் எந்த அடையாளமும் வைப்பதில்லை. ஆங்கிலத்திலும் சொற்கள் இப்படிச் சுருங்குகின்றன. ஆனால், அங்கே எழுத்து விழுந்த இடத்தில் அப்போஸ்ட்ரபி என்ற சிறு கோட்டை மேலே இட வேண்டும்.

"டூ நொட்" என்பது "டோன்ட்" ஆகும்போது விழுவது "நொட்" என்பதன் நடுவிலுள்ள "ஓ" என்ற எழுத்து. ஆகவே "என்", "டீ" ஆகிய எழுத்துகளுக்கு இடையிலேயே கோடு வரும். இரு சொற்களும் சேரும் இடத்தில் அதைப் போடுவது தவறு.

கோடு இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். "ஐ வில்" சுருங்கி "ஐ'ல்" ஆகும். கோட்டை விட்டால் அது "இல்", அதாவது சுகவீனம். நாளை வருகிறேன் என்று எழுதப்போய் நோயாளியாகிவிடுவோம்! "இட்ஸ்" இன்னும் பொல்லாதது. "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்று விரித்து வாசித்தும் வசனம் சரியாக இருந்தால் கோடு வேண்டும். "அதனுடைய" என்ற பொருளென்றால் வேண்டாம்.

"வில் நொட்" மட்டும் ஏன் "வோன்ட்"? முன்பு "வில்" என்பதற்கு "வொல்" என்ற வடிவமும் இருந்தது. அது வழக்கொழிந்த பின்பும் இந்தச் சுருக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லா இடத்திலும் சுருக்கவும் முடியாது. "ஆர் யூ ரெடி?" என்றால் "யெஸ், ஐ அம்" என்று முழுமையாகவே முடிக்க வேண்டும். குரல் அழுந்தும் சொல் சுருங்காது. "நோ, ஐ'ம் நொட்" என்பது சரி.

"கலிவரின் பயணங்கள்" எழுதிய ஜொனதன் ஸ்விஃப்ட், 1710இல் "டாட்லர்" இதழில் இத்தகைய சுருக்கங்களைக் கடுமையாகச் சாடினார். ஆனாலும் அவை நிலைத்துவிட்டன. இன்று எழுதும் இடத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பிக்கும் நானா, சொற்களை விரித்தே எழுதுவது நல்லது. பரீட்சையில் தோழிக்குக் கடிதம் எழுதச் சொன்னால் சுருக்கங்கள் வரலாம். அங்கே எல்லாவற்றையும் விரித்து எழுதினால், கூடப் படிப்பவளைத் "தாங்கள்" என்று அழைத்தது போலிருக்கும். ஆகவே உம்மாமார், வாப்பாமார் பிள்ளையின் கொப்பியில் "டோன்ட்" என்று கண்டதும் கொச்சை என்று வெட்டிவிடாதீர்கள். அது யாருக்கு எழுதிய கடிதம் என்று கேளுங்கள்.