உங்களுக்குத் தெரியுமா? விரலுக்கு வழி சொல்லும் கைத்தடி

வெள்ளைக் கைத்தடி தரையில் கிடப்பதைச் சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாது. திருப்பூர் நல்லூரில் பனியன் கம்பெனி வாசலில் திறந்து கிடக்கும் வேன் கதவும், டெம்போவில் பிதுங்கி நிற்கும் துணிக்கட்டும் நேரே முகத்தில்தான் இடிக்கும்.

இதற்காகவே டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கியது 'ஸ்மார்ட்கேன்'. 2014-இல் வெளிவந்தது, தயாரித்தது சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். கைத்தடியின் மேல்முனையில் பொருத்தும் கைப்பிடி இது. வௌவாலைப் போல, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு சுமார் 3 மீட்டர் வரை உள்ள தடைகளை அறிகிறது. தூரத்துக்கேற்ப அதிர்வு மாறும்.

அதிர்வாக வைத்ததுதான் அருமை! சாலைச் சத்தத்தைக் கேட்டு நடப்பவரின் காதுக்கு இடையூறு இல்லை. பார்வையோடு செவித்திறனும் இழந்தவருக்கோ, குரலில் பேசும் கருவிகள் பயன்படா, விரல்தான் வழி. அந்த நிலையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல்வகைக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்த அதிர்வுக்கு எவ்வளவு தூரம் என்று கை பழக வேண்டும். இத்தகையோருக்கு உதவவே பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்குகிறது.