லேப்டாப்பை விட்டுப் போகாத சாஃப்ட்வேர்: பணம் போறதுக்கு முன்னாடி நீக்குங்க



வருமான வரி கணக்கு தாக்கல் பண்ற அவசரத்துல, ரெண்டு ஃபார்ம் 16-ஐ ஒண்ணா சேர்க்க ஒரு இலவச பி.டி.எஃப் கன்வெர்ட்டரை டவுன்லோட் பண்ணேன். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’னு அமுக்கினதுல, கேட்காத இன்னும் ரெண்டு சாஃப்ட்வேரும் கூடவே வந்து உக்காந்துடுச்சு. பிரவுசரோட ஹோம் பேஜ் மாறிடுச்சு. நீக்கினா மறுநாள் திரும்ப வந்துச்சு.

வெறும் விளம்பரத் தொல்லைதானேன்னு விட முடியாது. அதே பிரவுசர்லதான் நெட் பேங்கிங், டீமேட் பாஸ்வேர்டு எல்லாம் சேவ் ஆகியிருக்கு.

விண்டோஸ் 11-ல நான் செஞ்ச வரிசை இதுதான்:

1. முதல்ல வைஃபையை ஆஃப் பண்ணுங்க. சுத்தம் ஆகுற வரைக்கும் அந்த லேப்டாப்ல பேங்கிங் வேண்டாம்.

2. டாஸ்க் மேனேஜர்ல ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதிக்குப் போய், சந்தேகமானதை டிசேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஓடிக்கிட்டிருக்கிற சாஃப்ட்வேர் சில நேரம் தன்னை நீக்க விடாது.

3. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போங்க. இன்ஸ்டால் ஆன தேதி வரிசையில வச்சா, அன்னைக்கு கூட வந்ததெல்லாம் மேலேயே தெரியும். ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

4. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்க. என் கேஸ்ல திரும்பத் திரும்ப வந்தது இங்கிருந்துதான். தெரியாததை நீக்கிட்டு, பிரவுசர் செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்க.

5. வைஃபையை ஆன் பண்ணி விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் பண்ணிட்டு, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்க. விண்டோஸ் முழுசா ஓடுறதுக்கு முன்னாடியே இது தேடும். சுமார் 15 நிமிஷம் ஆகும்.

6. பாஸ்வேர்டை எல்லாம் போன்ல இருந்து மாத்துங்க. முதல்ல இமெயில், அப்புறம் பேங்க், டீமேட்.

இதுக்கும் அசையலையா? ஃபைல்களை மட்டும் பேக்கப் எடுத்துட்டு ‘ரீசெட் திஸ் பி.சி’ கொடுங்க. இதுவரைக்கும் ஒரு ரூபாய் கூட செலவில்லை.

இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க. ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க’ன்னு ஒரு பாப்அப் வரும். மைக்ரோசாஃப்ட்டோட உண்மையான எச்சரிக்கையில போன் நம்பரே இருக்காது. கூப்பிட்டா, ரிமோட் ஆப் போடச் சொல்லி உங்க ஸ்கிரீனையே பார்ப்பாங்க. காசு கேட்கிற ‘கிளீனர்’ விளம்பரத்தையும் நம்பாதீங்க.

ஆபீஸ் லேப்டாப்னா நீங்களா எதையும் நீக்க வேண்டாம், ஐ.டி டீம்கிட்ட சொல்லிடுங்க. பணம் ஏற்கெனவே போயிருந்தா லேப்டாப் அப்புறம். உடனே பேங்குக்கும் 1930-க்கும் கூப்பிடுங்க.

ஒவ்வொரு ஸ்டெப்பையும் வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன். எங்கயாவது மாட்டிக்கிட்டா கமென்ட்ல கேளுங்க.