மூச்சு வாங்குதா? சோம்பேறித்தனம் இல்லீங்க!

'இந்த வருஷம் தினமும் வாக்கிங்' என்று சபதம் போட்டிருப்பீங்க. நாலே நாள்ல மூச்சு வாங்குது, தலை சுத்துது. 'நான் சுத்த சோம்பேறி'ன்னு முடிவு கட்டிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்... ரத்தசோகையாக இருக்கலாம்!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைத் தசைகளுக்குச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் கால் எப்படி நகரும்?

முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை. 100 மில்லி ரத்தத்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்க. எவ்வளவு நடக்கலாம்னும் கேட்டுக்குங்க. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு வேண்டாம். சத்து சரியா சேராது. எலுமிச்சை ஜூஸ் டபுள் ஓகே! ரூம்மேட் சாப்பிடறாங்கன்னு நீங்களும் முழுங்காதீங்க. இரும்பு அதிகமானாலும் ஆபத்துதான்.

நடையை 10 நிமிஷத்தில் ஆரம்பிச்சு 30-க்கு ஏத்துங்க. வாரம் 5 நாள் நடந்தா, உலக சுகாதார நிறுவனம் சொல்ற 150 நிமிஷம் ரெடி. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஹீமோகுளோபின் ஏற சில வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் ஷூவைப் பரண்ல போட்டுடாதீங்க!