புது டர்போவும் ஏன் போகிறது?

புது டர்போ போட்டு ஒரு மாதம்கூட ஆகாத டீசல் கார் மறுபடியும் நீலப் புகை விட்டு நின்றுவிட்டால், பாகத்தை விற்றவரைக் கேட்பதா, மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கைக் கேட்பதா என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இருவரிடமும் போவதற்கு முன்னால் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் டர்போ எதனால் போனது? பல ஒர்க்‌ஷாப் பில்களில் இதற்குப் பதில் இருப்பதில்லை. ‘டர்போ மாற்றப்பட்டது’ என்ற வரியும் தொகையும்தான் இருக்கும். ஆனால் டர்போ தன்னால் கெடுவது அபூர்வம். இன்ஜினுக்குள் வேறெங்கோ தொடங்கிய கோளாறு முதலில் அங்கே வந்து வெளிப்படுகிறது. வீட்டில் ஃபியூஸ் எரிந்தால் எந்த ஒயரில் ஷார்ட் என்று பார்க்காமல் புதுக் கம்பியைச் சுற்றி மெயினைப் போட்டால் என்ன ஆகுமோ, அதுவேதான் காரணம் தேடாமல் டர்போ மாற்றினாலும் ஆகும். சேதமான இன்ஜினைச் சீராக்கும் வேலையில் பாதிக்கு மேல் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். கழற்றுவதும் மாட்டுவதும் அதற்குப் பிறகு.

வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே உள்ளே போகும் காற்றை அழுத்தித் தள்ளலாம் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்றார். அந்த அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததே. டர்போ எவ்வளவு கடுமையான நிலையில் வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறிய கார் டர்போவின் ஷாஃப்ட் முழு வீச்சில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். கம்ப்ரஸர் சக்கரத்தின் விட்டம் 44 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. காற்றில் ஒலி போகும் வேகமே நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். அதே ஷாஃப்ட்டின் ஒரு முனையில் டர்பைன் சக்கரம் டீசல் இன்ஜினில் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய புகையிலும், பெட்ரோல் இன்ஜினில் அதற்கும் மேற்பட்ட சூட்டிலும் நிற்கிறது. மறுமுனையில் அலுமினியச் சக்கரம் வெளிக்காற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் இடையே சில அங்குலம்தான் இடைவெளி.

இந்த ஷாஃப்ட்டைத் தாங்கி நிற்பது எது என்பதுதான் டர்போவின் ஆகப் பெரிய விந்தை. பந்தயக் கார்களிலும் விலை உயர்ந்த சில வகைகளிலும் பால் பேரிங் உண்டு. பெரும்பாலான சாதாரணக் கார்களில் இருப்பதோ வெண்கலத்தாலான சிறு புஷ் மட்டும்தான். அந்தப் புஷ்ஷும் எங்கும் இறுக்கிப் பொருத்தப்படுவதில்லை. அதன் உள்பக்கத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஒரு ஆயில் படலம், வெளிப்பக்கத்துக்கும் கூட்டுக்கும் நடுவே இன்னொரு படலம். ஷாஃப்ட் சுழலும்போது புஷ்ஷும் அந்த ஆயிலில் மிதந்தபடி, ஷாஃப்ட்டைவிடக் குறைந்த வேகத்தில், தானும் சுழல்கிறது. இதனால் ஒவ்வொரு படலத்திலும் உராய்வு குறைகிறது. வெளிப்படலம் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஷாஃப்ட் தன் நடுமையத்தைத் தானே தேடிக்கொள்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. படலத்தின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அழுத்தத்தோடு சுத்தமான ஆயில் வந்துகொண்டிருக்கும் வரை இந்த ஏற்பாடு தேய்வதற்கு இடமே இல்லை. சில நொடி வரத்து நின்றாலும், அந்த இடைவெளியில் அடங்காத ஒரு கரித்துகள் வந்தாலும், அதைக் காப்பாற்ற வேறு எதுவும் கிடையாது.

இந்த அமைப்பு தெரியாததால் நேரும் தவறுகள் ஏராளம். கழற்றிய டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ‘ஆடுது சார், போயிடுச்சு’ என்று சொல்வார்கள். ஆயில் வடிந்த நிலையில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. சக்கரம் கூட்டில் உரசுகிறதா, ஷாஃப்ட் முன்னும் பின்னுமாக நகர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. முன்பின் அசைவு விரலுக்குத் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டும். இதைவிடப் பெரிய தவறு, டர்போவிலிருந்து ஆயில் கசிந்தால் உடனே ‘சீல் அவுட்’ என்பது. டர்போவுக்குள் ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள்தான் இரு முனையிலும் இருக்கின்றன. வெளியிலுள்ள வாயுவின் அழுத்தத்தின் துணையோடுதான் அவை ஆயிலை உள்ளே நிறுத்துகின்றன. தன் வேலையை முடித்த ஆயில் பம்ப் எதுவுமில்லாமல் தன் எடையால் மட்டுமே சம்ப்புக்கு வடிகிறது. வடியும் குழாய் அடைத்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினாலோ, பிரீதர் அடைபட்டாலோ, ஆயில் போக வழியில்லாமல் வளையங்களைத் தாண்டி வெளியேறும். ஏர் ஃபில்டரில் தூசி மண்டியிருந்தாலும் கம்ப்ரஸர் பக்கம் ஆயில் உறிஞ்சப்படும். இவை எதிலும் டர்போவின் குற்றம் துளியும் இல்லை. புதிது போட்டாலும் அதுவும் கசியத்தான் செய்யும்.

காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய மெக்கானிக்குகள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. பிரான்சின் பி.எஸ்.ஏ. குழுமமும் ஃபோர்டும் கூட்டாக உருவாக்கிய 1,560 சி.சி. டீசல் இன்ஜின் 2000களில் பெஜோ, சிட்ரோன், ஃபோர்டு கார்களில் மட்டுமின்றி வால்வோ, மாஸ்டா, மினி கார்களிலும் ஓடியது. சிக்கனத்தில் பெயர் வாங்கிய அதே இன்ஜின், டர்போ மாற்ற மாற்றப் போகிறது என்ற அவப்பெயரையும் சம்பாதித்தது. ஆராய்ந்தபோது குற்றவாளி அற்பமான பொருளாக இருந்தது: இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர். அது கசிந்ததும் எரிந்த வாயு ஆயிலோடு கலந்தது. ஆயில் கருகிக் கட்டியானது. அந்தக் கரி சம்ப்பிலுள்ள ஸ்ட்ரெய்னரிலும், டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டுக்குள் இருந்த சிறு வலையிலும் போய் அடைத்தது. டர்போ பட்டினியில் செத்தது. புதிதாக மாட்டிய டர்போவும் அதே அடைபட்ட குழாயில் அதே பட்டினிக்கு ஆளானது. பிறகு டர்போ தயாரிப்பாளர்களே, வாஷர்களைச் சரிபார்த்து, சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கழுவி, குழாயைப் புதிதாகப் போட்டு, டர்போவிலிருந்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆயில் திரும்பி வடிகிறது என்று அளந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று செய்முறை வகுத்தார்கள்.

பாகமே தரமற்றதாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம்தான், சந்தையில் போலிகள் உண்டு, சமநிலை பார்க்காமல் ஒட்டுப்போட்டு விற்கப்படுபவையும் உண்டு. ஆனால் அதையும் பழைய பாகத்தைப் பார்த்தே தீர்மானிக்க முடியும். ஆயில் இல்லாமல் போன ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருக்கும். அழுக்கு ஆயிலில் ஓடியது கோடுகோடாக அறுபட்டிருக்கும். கல்லோ திருகோ உள்ளே போயிருந்தால் சக்கரத்தின் இதழ்நுனி பல்பல்லாகக் கடிபட்டிருக்கும். முதல் டர்போவும் இரண்டாவதும் ஒரே மாதிரி நீலம் பாய்ந்திருந்தால் விற்றவர் மேல் பழிபோட இடமில்லை. இத்தனையும் பார்த்தால் செலவு ஏறுமே என்பது அடுத்த கேள்வி. சம்ப் கழற்றும் கூலி, ஒரு குழாய், நான்கு வாஷர், ஒரு ஆயில் மாற்றம்: இவை எல்லாம் சேர்ந்தாலும் இரண்டாவது டர்போவின் விலைக்கு அருகில் வராது. இவற்றைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

அதோடு டர்போவின் சாவு ஒரு முன்னறிவிப்பும்கூட. மெல்லிய குழாயின் கடைக்கோடியில், ஆக வேகமாகச் சுழலும் பாகம் அது என்பதால் ஆயில் பஞ்சம் அங்கே முதலில் தெரிகிறது. அடுத்த முறை கிராங்க் ஷாஃப்ட்டுக்கு. ஆகவே இன்ஜினை இறக்க வேண்டுமா என்பதை ஊகத்தில் சொல்லக் கூடாது. ஒரு சிலிண்டரில் பிஸ்டனை உச்சியில், வால்வுகள் மூடிய நிலையில் நிறுத்தி, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதால் கேட்பது எளிய சோதனை. காற்று சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் இரைந்தால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட் கேஸ்கட். கழற்றாமலே இவ்வளவும் தெரிந்துவிடும். சம்ப்பைக் கழற்றினால் கனெக்டிங் ராடின் பேரிங் ஷெல்கள் மிச்சத்தைச் சொல்லும். மேலே உள்ள மெல்லிய சாம்பல் பூச்சு கரைந்து செப்பு நிறம் தெரிந்தால் தேய்மானம். வட்டமாகக் கீறல் இருந்தால் அழுக்கு. கறுத்து நீலித்திருந்தால் ஆயில் பஞ்சம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. ஷெல்லைத் துடைத்துக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

டர்போ உடைந்த காரில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: உடைந்தது எங்கே போனது? கம்ப்ரஸர் சக்கரத்தின் துணுக்கும் கசிந்த ஆயிலும் இன்டர்கூலருக்குள் தேங்கி நிற்கும். டர்பைன் துணுக்குகள் புகைக்குழாயின் வடிகட்டியில் போய்ச் சேரும். பேரிங்கிலிருந்து உதிர்ந்த பொடி ஆயில் கூலரின் சந்துகளில் ஒளிந்துகொள்ளும். அதைக் கழுவி எடுப்பது நடக்காத காரியம், புதிதுதான் போட வேண்டும். இன்டர்கூலரைக் கழுவாமல் விட்டால் துணுக்கு சிலிண்டருக்குள் இறங்கும். தேங்கிய ஆயிலோ அதைவிட ஆபத்து. டீசல் இன்ஜினுக்கு இன்ஜின் ஆயிலும் எரிபொருள்தான். காற்றோடு ஆயில் உள்ளே பாய ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. தன் ஆயிலைத் தானே குடித்து வெறிபிடித்தாற்போல் ஓடும். காற்றை அடைத்தாலோ, பிரேக்கை மிதித்தபடி உயர் கியரில் கிளட்சை விட்டுத் திணறடித்தாலோதான் அடங்கும்.

திரும்பக் கட்டும் கட்டத்தில் நுணுக்கத்துக்குத்தான் முதலிடம். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் போட்டபின், இடைவெளி சரியா என்பதை மெழுகு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை நடுவில் வைத்து மூடியை முறுக்கித் திறந்து, அது எவ்வளவு அகலம் நசுங்கியிருக்கிறது என்று அளவுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டர்போ இன்ஜினில் சூடு அதிகம் என்பதால் பிஸ்டன் ரிங்கின் முனை இடைவெளி குறைந்துவிடக் கூடாது. விரிந்து முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டனையே உடைக்கும். கோணக் கணக்கில் முறுக்கும் ஹெட் போல்ட்டுகள் நீண்டு போனவை; மறுபடி போடக் கூடாது. டர்போவின் ஆயில் குழாய்களில் சிலிக்கான் பசை பூசவே கூடாது. உள்பக்கம் பிதுங்கிய துளி பிய்ந்துபோய் வழியை அடைக்கும். கடைசியாக, டர்போவுக்கு ஆயில் போகும் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி நிரப்பி, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாததால், நல்ல டர்போ முதல் நொடியிலேயே காயப்படுகிறது.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் டர்போவே வேண்டாம், பழைய இன்ஜின்களே மேல் என்று வாதிடுவோர் உண்டு. பழைய இன்ஜின்கள் அலட்சியத்தைக் கூடுதலாகத் தாங்கின என்பது உண்மை. ஆனால் வீணாகும் புகையிலிருந்து வேலை வாங்கிச் சிறிய இன்ஜினில் பெரிய சக்தி பெறுவது நல்ல பொறியியல். நம் அலட்சியத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளுவது நியாயமல்ல. ஆயில் மாற்றத் தவறியவர்கள், கடைசியில் கழுவும் ரசாயனம் ஊற்றினால் போதும் என்று நம்புவதும் தவறு. கட்டியான கரியை அது பெயர்த்துவிட்டால், பெயர்ந்த கரி போய் அடைப்பது அதே மெல்லிய குழாயைத்தான். எந்த ஆயில் என்பதும் சின்ன விஷயமல்ல. சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிகப் பளு ஏற்றும்போது கலவை நேரத்துக்கு முன்பே பற்றிப் பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு ஆயிலிலுள்ள கால்சியச் சேர்மமும் ஒரு காரணம் என்று கண்டறிந்ததால்தான் 2018இல் ‘எஸ்.என். பிளஸ்’ என்ற தனித் தரமே வந்தது. கையேட்டில் சொன்ன தரத்துக்குப் பதில் கடையில் மலிவாகக் கிடைத்ததை ஊற்றுவது சிக்கனமாகாது.

கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் காலக்கெடு வந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். மலையேறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்தால் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டர்போ மாற்றச் சொன்னால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதனால் போனது, அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். காரணம் தேடச் செலவிட்ட நேரத்துக்கும் கூலி கேட்பார். அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்பது நம் கடமை. பாகத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, மூளைக்குக் கொடுக்க மறுத்துக்கொண்டே இருந்தால், பாகம் மாற்றத் தெரிந்தவர்கள் மட்டும்தான் நமக்கு மிஞ்சுவார்கள்.