காற்று ஓய்ந்த காலையில் ஒரு சின்ன விமானம்

தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் வாசகர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. மீன்தலைக் கறிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பேர்போன தெரு. ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான குதிரைகளை இன்று அங்கே தேடினால் கிடைக்காது. 1933-லேயே பந்தயத்தைப் புக்கிட் தீமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய பந்தயத் திடல் ஃபேரர் பார்க் என்றாகிவிட்டது.

அந்தத் திடலைப் பற்றிச் சொல்ல எத்தனையோ உண்டு. 1942 பிப்ரவரி 17-ல் பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தது அங்கேதான். அது தனிக் கதை. நாம் பேச வந்தது வேறு. 1911 மார்ச் 16-ஆம் தேதி, சிங்கப்பூர் மண்ணிலிருந்து முதன்முதலாக ஓர் ஆகாய விமானம் எழும்பியது இந்தத் திடலிலிருந்துதான்!

ஓட்டியவர் பெல்ஜியம் நாட்டுக்காரரான ஜோசப் கிறிஸ்டியன்ஸ். விமானம் 'பிரிஸ்டல் பாக்ஸ்கைட்'. பெயரைப் பார்த்தாலே புரியும், பெட்டிப் பட்டம்! மரச்சட்டம், அதன்மேல் துணி, சட்டங்களைப் பிடித்திழுக்கக் கம்பிகள், பின்னால் 50 குதிரைத்திறன் எஞ்சின். விமானிக்கு அறையும் கிடையாது, கதவும் கிடையாது. கீழ் இறக்கையின்மேல் உட்கார்ந்துகொண்டு காலை முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான். மணிக்கு 40 மைல் போனாலே பெரிய காரியம்.

எதிரே மணிக்கு 20 மைல் காற்று வீசினால் அப்படிப்பட்ட விமானத்தின் பாதி வேகம் போய்விடும். பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் கவிழ்த்தே விடும். ஆகவே அந்தக் காலத்து விமானிகள் விடியற்காலையையும் சூரியன் சாயும் வேளையையும் காத்துக் கிடந்தார்கள். மரத்து இலை ஆடினாலே அன்று பறப்பதில்லை என்று வீடு திரும்பியவர்கள் உண்டு.

இப்படிக் காற்று அசையாத நேரம் பார்த்து, தன் கையால் செய்த சிறு விமானத்தில் ஏறிப் பறக்கும் இன்பம் இன்றும் உலகத்தில் இருக்கிறது. வாசகர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். விமானத்தை வீட்டில் செய்வதா என்று கேட்பீர்கள். ஆம், வீட்டில்தான்! கொட்டகையில், கார் நிறுத்தும் இடத்தில், சில சமயம் மொட்டை மாடியில்கூட.

நம் சென்னைக்கே இதில் ஒரு பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி வந்தவர் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ். கார்சிகா தீவுக்காரர். ஓட்டல் முதலாளிக்கு விமான ஆசை பிடித்துவிட்டது. சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். கோச்சு வண்டி கட்டுவதில் கைதேர்ந்த சிம்ப்ஸன் கம்பெனியார் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் பறந்து காட்டினார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு உலகின் முதல் விமானத் தபால் போனது 1911 பிப்ரவரியில். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, சமையலறைக் கணக்கும் விருந்தாளி வரவேற்பும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சென்னையில் தரையை விட்டுக் கிளம்பியிருக்கிறார். ரைட் சகோதரர்கள் மட்டும் என்ன? சைக்கிள் கடைக்காரர்கள்தானே! 1903 டிசம்பர் 17-ல் அவர்களது முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. அதுவும் வீட்டு விமானம்தான்.

ஆனால் ஆசை மட்டும் போதாது என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1930-களில் ஹென்றி மினியே என்ற பிரெஞ்சுக்காரர் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பெயர் வாங்கிய ஒரு குட்டி விமானத்தை உருவாக்கினார். மரப்பெட்டி செய்யத் தெரிந்தவன் இதையும் செய்யலாம் என்ற நம்பிக்கையை ஊட்டும்படி ஒரு புத்தகமும் எழுதினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஏராளமானோர் ரம்பமும் உளியுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. பலர் உயிரிழந்தனர். காற்றுக் கூண்டில் வைத்து ஆராய்ந்தபோதுதான் குற்றம் தெரிந்தது. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. செய்தவர் கை சுத்தமாகத்தான் இருந்தது, வரைபடத்தில்தான் கோளாறு. இரண்டு நாடுகளிலும் அதற்குத் தடை விழுந்தது.

அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் வீட்டு விமானத்துக்கும் சட்டதிட்டங்கள் ஊருக்கு ஊர் இறுகின. அமெரிக்காவில் 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் இந்த ஆர்வலர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். ஆண்டுதோறும் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் கூடும் கூட்டம் திருவிழாதான், தேருக்குப் பதில் விமானங்கள்! அங்கே சட்டம் என்ன சொல்கிறதென்றால், வேலையில் பாதிக்கு மேல் சொந்தக்காரரே செய்திருக்க வேண்டும். அரசாங்கப் பரிசோதகர் பார்க்க வேண்டும். ஏறும் இடத்தில் 'பரிசோதனை விமானம்' என்று எழுதி ஒட்ட வேண்டும். முதல் சில பத்து மணி நேரம் ஜனநடமாட்டம் இல்லாத பக்கமாகவே பறக்க வேண்டும்.

இப்போது பெரும்பாலோர் கம்பெனிகள் அனுப்பும் பாகங்களை வாங்கிப் பூட்டுகிறார்கள். பூட்டுவது என்றால் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். தகட்டில் துளையிடுவது, பிசிறு சீவுவது, ரிவெட் அடிப்பது என்று 1,500 மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். வேலை விட்டு வந்து தினம் 2 மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவராக இருந்தால் இன்னும் கூடும். கேரளத்தைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் கொரோனா ஊரடங்கில் இப்படி நால்வர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டி முடித்து, 2022-ல் மனைவி மக்களோடு பறந்தது பத்திரிகைகளில் வந்தது.

மும்பை விமானி அமோல் யாதவ் கதை இன்னும் சுவையானது. தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார். 2017-ல் அதைப் பதிவு செய்தார்கள், 2019-ல்தான் சோதித்துப் பறக்க அனுமதி வந்தது. நம் அடுக்குமாடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஆறாவது மாடியில் ஓர் இறக்கையைக் கட்டி முடித்தால் எந்த லிஃப்டில் இறக்குவது? பக்கத்து வீட்டார் ரிவெட் சத்தத்தை எத்தனை நாள் பொறுப்பார்கள்?

அதெல்லாம் இருக்கட்டும். கட்டி முடித்தாயிற்று என்றே வைத்துக்கொண்டு நீங்களே அந்த இருக்கையில் உட்காருங்கள். ஜொகூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரம், புல் வெட்டிய ஓடுபாதை. மணி ஏழேகால். சூரியன் இப்போதுதான் தலை காட்டுகிறது.

தோட்டத்து வாசகர்களுக்கு இந்த நேரத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரட்டுக்கு நின்றவர்கள் நீங்கள். விடியும் முன்னே பால்மரம் சீவப் போவது ஏன்? குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். விமானிக்கும் அதே கணக்குத்தான். இரவெல்லாம் ஆறிக் கிடந்த தரை காற்றைக் கிளப்பிவிடாமல் வைத்திருக்கிறது. மில் புகைக்கூண்டைப் பாருங்கள், புகை நூல் பிடித்தாற்போல் நேரே போகிறது. கம்பத்தில் காற்றுப்பை துவண்டு தொங்குகிறது.

அவசரப்படாதீர்கள். முதலில் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரவுக் குளிரில் தொட்டிக்குள் நீர் துளிர்த்திருக்கலாம். தண்ணீர் கனம், அடியில் தங்கும். அது எஞ்சினுக்குள் போனால் மரத்து உயரத்தில் மூச்சு நின்றுவிடும். பிறகு இறக்கை, வால், சுக்கான், ஒவ்வொரு முளையாணி. வாங்கிய விமானமானால் கம்பெனிமேல் பாரத்தைப் போடலாம். இதில் ஒவ்வொரு ஆணியும் எந்த ராத்திரி எந்த மனநிலையில் முடுக்கியது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சுமையை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

விசையைத் திறந்ததும் புல்லின்மேல் தடதடவென்று ஓட்டம். விசிறி சுழலும் சக்தியால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் மிதித்து நேராக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வந்ததும் கைப்பிடியை இலேசாக இழுங்கள். தடதடப்பு சட்டென்று நின்றுபோகும். அவ்வளவுதான், நீங்கள் ஆகாயத்தில் இருக்கிறீர்கள்!

ஆயிரம் அடிக்குப் போய்க் கீழே பாருங்கள். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாக நடுவது வழக்கம் அல்லவா? மேலிருந்து பார்த்தால் அது அசல் இடுக்குப் புள்ளிக் கோலம். மைல் கணக்கில் புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்க மறந்தவளின் கோலம். பள்ளங்களில் மூடுபனி பால் கொட்டியதுபோல் தேங்கிக் கிடக்கும். உங்கள் விமானத்தின் நிழல் அதன்மேல் கூடவே ஓடி வரும்.

கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்தால் போதும். சமநிலைச் சக்கரத்தைச் சரியாக வைத்துவிட்டால் அதையும் விட்டுவிடலாம். விமானம் கண்ணாடிமேல் வைத்த கோலிக்குண்டுபோல் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய விமானத்தில் பயணம் செய்தவர்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். முழுச் சுமையோடு ஓர் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 680 கிலோவைத் தாங்குகிறது. 600 கிலோ எடையும் 12 சதுர மீட்டர் இறக்கையும் உள்ள சின்ன விமானத்துக்கு அது வெறும் 50 கிலோ. சோளப்பொரியும் இரும்புக் குண்டும் மாதிரி. காற்றின் சின்ன மூச்சும் இதை ஆட்டிவிடும். ஆகவேதான் காற்றே இல்லாத காலை இவர்களுக்குத் திருநாள்.

ஒன்பதரை மணிக்கு இதே இடம் வேறு மாதிரி ஆகிவிடும். செம்மண் ரோடும் மில் கூரையும் முதலில் சூடேறும், அவற்றின்மேல் காற்று எழும்பும். நிழலான மரக்காட்டின்மேல் அது இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டினால் கல் ரோட்டில் போகும் பழைய லாரிக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

காற்றில்லா நேரம் என்றால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. எதிர்க்காற்று இல்லாததால் கிளம்பவும் இறங்கவும் பாதை அதிகம் தேவைப்படும். தரைக்கு அருகில் வந்ததும் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போகும். சுகத்தில் கண் மயங்கினால் பாதை தீர்ந்துவிடும். எஞ்சின் நின்றால், 1,000 அடியிலிருந்து 3 கிலோமீட்டர் போல வழுக்கி வரலாம். அதற்குள் ஓர் இடம் வேண்டும். செம்பனைமேல் எங்கே இறங்குவது? நல்ல விமானி கோலத்தை ரசித்துக்கொண்டே, எந்நேரமும் ஒரு திடலை அல்லது நேரான ரோட்டைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பார்.

சிறு இடத்தில் இறங்குவதென்றால் நம் ரேஸ் கோர்ஸ் திடலே ஒரு நல்ல கதை சொல்லும். 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகப் பறந்த ராஸ் ஸ்மித் குழுவினர் டிசம்பர் 4-ஆம் தேதி இங்கே வந்தார்கள். அவர்களது விக்கர்ஸ் விமி பெரிய விமானம், திடலோ குட்டை. என்ன செய்தார்கள் தெரியுமா? சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் மெக்கானிக் பென்னெட் தம் இடத்தை விட்டு வெளியே ஏறி, விமான முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வாலுக்குப் போய்விட்டார். அவர் கனத்தில் வால் தாழ்ந்து விமானம் சீக்கிரம் நின்றது. ஆறு நாளில் டார்வின் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்று சிங்கப்பூர் வானத்தில் வீட்டு விமானத்துக்கு இடம் கிடைப்பது மிகவும் கடினம். தீவு சிறியது, சாங்கி ஒரு பக்கம், படைத்தளங்கள் மறுபக்கம். காலை அமைதியையும் நம்பிவிட முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமாத்ரா' என்று நாம் சொல்லும் புயல்வரிசை மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியும் முன்னே வந்து அறைந்துவிட்டுப் போகும். பிற்பகல் இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் சின்ன விமானத்தைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை, 1930 மே மாதத்தில் ஆமி ஜான்சன் தம் ஜிப்ஸி மாத்தில் தன்னந்தனியாக வந்திறங்கிய சிலேத்தார் பக்கம் அழைத்துப் போங்கள். இருபத்தாறு வயதுப் பெண் அவர்! 1971-ல் ஜூனியர் பிளையிங் கிளப் என்று தொடங்கி, பின்னர் சிங்கப்பூர் இளையர் விமானச் சங்கம் என்று பெயர் மாறிய அமைப்பில் நம் மாணவர்கள் பறக்கக் கற்றிருக்கிறார்கள். போவதென்றால் காலையிலேயே போங்கள்.